சுருளுக்குள் ஒளிந்திருக்கும் மின்தேக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் அறிவியல் பக்கத்தில் வந்த, குழாயில் இரண்டு அடுக்காகக் கம்பிச் சுருள் சுற்றிச் செய்யும் மத்திய அலை வானொலிச் செய்முறையைப் படித்தோம். தமிழில் இப்படிப்பட்ட செய்முறை அச்சில் வருவது அரிது. டர்பனில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தைக் கொடுக்கலாம் என்று தோன்றியது. ஆனால் அதில் ஒரு கணக்கு பாதியில் நிற்கிறது. அதன்படி செய்யும் பிள்ளைக்கு வானொலி பேசும். அலைவரிசையின் மேல்பாதி மட்டும் வராது. காரணம் தெரியாமல் டயோடை மாற்றுவார்கள், ஏரியலை நீட்டுவார்கள். பிழை டயோடிலும் இல்லை, ஏரியலிலும் இல்லை, சுருளில் இருக்கிறது.

ஒத்ததிர்வு அதிர்வெண்ணுக்குச் செய்முறை தந்த சூத்திரம் சரியானதே. சுருளின் தூண்டத்தையும் (inductance) மின்தேக்கத்தையும் (capacitance) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதை 2π-ஆல் பெருக்கி, 1-ஐ அதனால் வகுக்க வேண்டும். கேள்வி, அந்த மின்தேக்கம் எது என்பதுதான். செய்முறையில் நிலையம் பிடிக்கத் திருப்பும் கேங் மின்தேக்கியின் மதிப்பு மட்டும் எடுக்கப்பட்டிருக்கிறது. சுருளுக்கும் சொந்தமாக ஒரு மின்தேக்கம் உண்டு. இணைப்புக் கம்பிகளுக்கும் ஏரியலுக்கும் உண்டு. இவை எல்லாம் கேங்குக்குப் பக்க இணைப்பாக வந்து கூடிக்கொள்கின்றன.

எண்களில் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை அமையும். மேல் எல்லை கீழ் எல்லையைப் போல 3.02 மடங்கு. அதிர்வெண் 3.02 மடங்கு மாற வேண்டுமானால் மொத்த மின்தேக்கம் அதன் வர்க்கமான 9.1 மடங்கு மாற வேண்டும். செய்முறையில் சொன்ன கேங் முழுதாக மூடியபோது 365 பிக்கோஃபாரட், முழுதாகத் திறந்தபோது ஏறத்தாழ 12 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், அது மட்டுமே 30 மடங்கு மாறுகிறது. அந்தக் கணக்கில் 531-இல் தொடங்கும் வானொலி 2,900 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிப் போக வேண்டும். எந்த வானொலியும் அப்படிப் போவதில்லை. கேங்குடன் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் உபரி மின்தேக்கம்தான் அதைத் தடுக்கிறது.

அந்த உபரி 31.6 பிக்கோஃபாரட்டாக இருந்தால் 531 முதல் 1602 வரை சரியாகப் பொருந்தும். அப்போது சுருளின் தூண்டம் 226 மைக்ரோஹென்றி இருக்க வேண்டும். உபரி இதற்குக் குறைந்தால் குறையொன்றுமில்லை; ட்ரிம்மர் என்னும் சிறு திருகு மின்தேக்கியால் கூட்டிக்கொள்ளலாம். கூடினால் வழியே இல்லை. 60 பிக்கோஃபாரட் ஆனால் மேல் எல்லை 1290-இல் நின்றுவிடும். 100 ஆனால் 1080-ஐ ஒட்டி நின்றுவிடும்.

இப்போது செய்முறையில் உள்ள சுருளைப் பாருங்கள். 50 மி.மீ. குழாயில் 30 சுற்று சுற்றி, அதன் மேலேயே திரும்பி வந்து இன்னொரு 30 சுற்று. தூண்டம் 226-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் முதல் அடுக்கின் முதல் சுற்றின் மேல் இரண்டாம் அடுக்கின் கடைசிச் சுற்று வந்து உட்காருகிறது. சுருளின் இரு முனைகளுக்கு இடையிலான முழு மின்னழுத்தமும் அந்த இடத்தில் எனாமல் பூச்சின் கனத்தில் மட்டும் நிற்கிறது. இரண்டு அடுக்கும் இரண்டு செப்புத் தகடுகள் போல எதிரெதிரே இருக்கின்றன. பரப்பு 27 சதுர செ.மீ.; இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அடுக்குகளுக்கு இடையே சில நூறு பிக்கோஃபாரட் சேரும். மின்னழுத்தம் ஒரு பக்கம் முழுதாகவும் மறுபக்கம் சுழியமாகவும் சரிவதால் அதில் மூன்றில் ஒரு பங்கே முனைகளில் தெரியும். அந்த மூன்றில் ஒரு பங்கே 100 பிக்கோஃபாரட்டைத் தாண்டிவிடும். சுருள் ஒன்றினாலேயே மேல்பாதி போய்விட்டது.

இரண்டு அடுக்கு சுற்றியே ஆக வேண்டும் என்றால் இரண்டு வழிகள் உண்டு. அடுக்குகளுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் கனத்துக்கு உலர்ந்த தாளோ பாலிப்ரோப்பிலீன் தாளோ சுற்றினால் 100-க்கு மேல் இருந்தது 30-ஐ ஒட்டி இறங்கும். அல்லது, முதல் அடுக்கு முடிந்ததும் கம்பியைத் தொடங்கிய பக்கத்துக்கே நேராகக் கொண்டு வந்து இரண்டாம் அடுக்கை முதல் அடுக்கின் திசையிலேயே சுற்றலாம். அப்போது எங்கும் பாதி மின்னழுத்தமே நிற்கும். மூன்றில் ஒரு பங்கு நான்கில் ஒரு பங்காகும். இந்த இரண்டாவது வழியில் பெரிய லாபம் இல்லை. பழைய வானொலிச் சுருள்கள் தேன்கூடு போலக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றப்பட்டதற்குக் காரணம் இதுதான், அழகுக்காக அல்ல. அடுத்தடுத்த அடுக்குக் கம்பிகள் இணையாகப் படுக்காமல் கோணத்தில் வெட்டிக்கொண்டால், அவை நெருங்கும் இடம் சிறு புள்ளிகளாகச் சுருங்கிவிடும்.

பிள்ளைகளுக்கு ஒற்றை அடுக்கே நல்லது. 50 மி.மீ. வெள்ளை வடிகால் குழாய், 0.5 மி.மீ. எனாமல் செப்புக் கம்பி, 77 சுற்று, நெருக்கமாக. எனாமலோடு சேர்த்துக் கம்பியின் கனம் 0.56 மி.மீ. என்றால் சுருளின் நீளம் 4.3 செ.மீ. வரும். தூண்டத்துக்கு வீலர் என்ற பொறியாளர் 1928-இல் தந்த சூத்திரம் போதும்: ஆரத்தின் வர்க்கத்தைச் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்குங்கள். ஆரத்தை 22.9-ஆலும் நீளத்தை 25.4-ஆலும் பெருக்கிக் கூட்டி, அந்தத் தொகையால் வகுங்கள். அளவுகள் செ.மீ. என்றால் விடை மைக்ரோஹென்றியில் வரும். மேலே சொன்ன சுருளுக்கு 226-ஐ ஒட்டி வருவதைப் பிள்ளைகளே சரிபார்க்கலாம்.

இதன் உள் மின்தேக்கம் எவ்வளவு? பெரும்பாலோர், பள்ளி ஆசிரியர்கள் உட்பட, அடுத்தடுத்த இரு சுற்றுகளுக்கு இடையே உள்ள சிறு மின்தேக்கங்களின் தொடர் என்றே இதை நினைக்கிறார்கள். ஒற்றை அடுக்குச் சுருளில் அந்த நினைப்பு ஏமாற்றிவிடும். 76 சிறு மின்தேக்கிகளைத் தொடராக இணைத்தால் மிஞ்சுவது மிகச் சொற்பம். உண்மையில், சுருளின் ஒவ்வொரு பகுதியும் தொலைவிலுள்ள மற்றப் பகுதிகளோடும் நிலத்தோடும் மின்புலத்தைப் பகிர்ந்துகொள்கிறது. அதுதான் பெரும்பங்கு. மெட்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர் 1947-இல் பல சுருள்களை அளந்து இதைக் காட்டினார். ஒரு முனை நிலத்தில் இணைந்த ஒற்றை அடுக்குச் சுருளின் உள் மின்தேக்கம், சுற்று எண்ணிக்கையையோ சுற்றுகளின் நெருக்கத்தையோ அநேகமாகப் பொறுத்ததே இல்லை. சுருளின் விட்டமும், நீளத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமுமே அதைத் தீர்மானிக்கின்றன. நீளமும் விட்டமும் சமமானால் விட்டத்தின் ஒவ்வொரு செ.மீ.க்கும் 0.46 பிக்கோஃபாரட். நீளம் விட்டத்தில் பாதியானாலும் இரு மடங்கானாலும் 0.50-ஐ ஒட்டி. நான்கு மடங்கானால் 0.7. சமமாக இருக்கும்போதுதான் மிகக் குறைவு. நமது 50 மி.மீ. சுருளுக்கு இது வெறும் 2.4 பிக்கோஃபாரட். இரண்டு அடுக்கில் 100-க்கு மேல். ஒரு அடுக்கில் 2.4. வேறுபாட்டைப் பாருங்கள்.

அப்படியானால் 31.6-இல் மீதி எங்கே போகிறது? இணைப்புக் கம்பிகளுக்கும் டயோடுக்கும் 10 விடலாம். ஏரியல்தான் ஆபத்து. வீட்டுக் கூரையிலிருந்து மாமரம் வரை இழுத்த சாதாரணக் கம்பி ஏரியல் மத்திய அலையில் சுமார் 200 பிக்கோஃபாரட் மின்தேக்கியைப் போல நடந்துகொள்ளும். அதை நேரே சுருளின் உச்சியில் இணைத்தால், ஒற்றை அடுக்கு சுற்றிப் பெற்ற லாபம் அவ்வளவும் போச்சு. தொடராக ஒரு 22 பிக்கோஃபாரட் மின்தேக்கி வைத்தால் சுருளுக்குத் தெரிவது 20. பல படங்களில் காணும் 47-ஐ வைத்தால் 38 தெரியும். அது மட்டுமே வரம்பைத் தாண்டிவிடும். அதைவிடச் சிறந்தது, நிலமுனையிலிருந்து (எர்த் இணைந்த முனை) 15-ஆவது சுற்றில் கம்பியைத் திருகி ஒரு டேப் (இடையிணைப்பு) எடுத்து அங்கே ஏரியலை இணைப்பது. 77-க்கு 15 என்ற விகிதத்தின் வர்க்கத்தால் 200 குறைந்து, உச்சியில் 8-க்குள் தெரியும். டயோடுக்கும் நடுவே ஒரு டேப் இருந்தால், நிலையங்களைப் பிரித்தெடுக்கும் சுருளின் கூர்மை காக்கப்படும்.

சரிசெய்யும் வரிசையும் முக்கியம். கேங்கை மூடி, கீழ்முனை நிலையத்தைச் சுற்று எண்ணிக்கையால் பிடியுங்கள்: மேலே ஓரிரு சுற்று கழற்றுவது, அல்லது கடைசிச் சில சுற்றுகளைச் சற்று விலக்குவது. கேங்கைத் திறந்து, மேல்முனையை ட்ரிம்மரால் பிடியுங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும். ஆகவே மாறி மாறி இரண்டு மூன்று முறை. ட்ரிம்மர் முழுதாகத் தளர்ந்தும் மேல்முனை எட்டவில்லை என்றால் உபரி அதிகம் என்று அறிந்துகொள்ளலாம். சுற்றைக் குறைத்து அதைச் சரிக்கட்டப் பார்த்தால் கீழ்முனை போய்விடும்.

உள் மின்தேக்கத்தை அளப்பது கடினமல்ல. மதிப்பு நன்றாகத் தெரிந்த சில மின்தேக்கிகள் வேண்டும். சில்வர் மைக்கா அல்லது வெப்பத்தால் மாறாத வகை செராமிக், 1 விழுக்காடு துல்லியம். வட்ட வில்லை போன்ற மலிவான செராமிக் வேண்டாம். அதன் மதிப்பு வெப்பத்தோடும் மின்னழுத்தத்தோடும் ஓடும். ஒவ்வொன்றையும் சுருளோடு இணைத்து ஒத்ததிர்வைக் கண்டுபிடித்து, மின்தேக்கத்தைக் கிடையாகவும் அதிர்வெண் வர்க்கத்தின் தலைகீழை நெடுக்காகவும் வரைபடத்தாளில் குறியுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழும். கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் சுழியத்துக்கு இடப்பக்கம் கிடையச்சை வெட்டும். அந்தத் தூரமே உள் மின்தேக்கமும் அளவிக் கம்பிகளின் மின்தேக்கமும் சேர்ந்தது. உதாரணமாக 100 பிக்கோஃபாரட்டில் 1026.7, 400-இல் 524.6 கிலோஹெர்ட்ஸ் கிடைத்தால் விடை 6. அந்த 400-இல் 1 விழுக்காடு பிசகினால் விடை ஒன்றரை பிக்கோஃபாரட் வரை தள்ளிப்போகும். ஆகவே இரண்டு புள்ளிகளோடு நிறுத்தாமல் ஐந்தாறு எடுக்க வேண்டும்.

அளவியைச் சுருளில் நேரே பொருத்துவதே இதில் அடிக்கடி நேரும் தவறு. ஆசிலாஸ்கோப்பின் (அலையைத் திரையில் காட்டும் கருவி) பத்து மடங்குப் புரோபிலேயே (அளவுமுனை) 10 முதல் 15 பிக்கோஃபாரட் இருக்கிறது. ஒரு மடங்கில் வைத்தால் 100-ஐ ஒட்டி. 2.4-ஐத் தேடப் போய் 100-ஐத் தொங்கவிட்டால் அளப்பது புரோபைத்தான். சிக்னல் ஜெனரேட்டரைச் சுருளின் நிலமுனை அருகே ஒற்றைச் சுற்றுக் கம்பியால் தளர்வாகப் பிணையுங்கள். புரோபின் முனையைச் சுருளைத் தொடாமல் சில செ.மீ. தள்ளி வையுங்கள். அலை மிகச் சிறிதாகத் தெரியும். உச்சத்தைக் காண அது போதும். இரும்பு மேசையில் வைக்க வேண்டாம். குறைந்தது ஒரு விட்ட தூரத்துக்குச் சுற்றிலும் உலோகமோ கையோ இருக்கக் கூடாது.

எஸ்காம் எக்ஸ்போ என்னும் பள்ளி அறிவியல் போட்டிக்கு, உயர் மின்னழுத்தப் பொறி எழுப்பும் டெஸ்லா சுருள் செய்யும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் இதே பாடம்தான். அவர்களிடம் பிழை இன்னும் பெரிதாக வருகிறது. கம்பியின் நீளம் அலைநீளத்தில் கால்பங்கு இருக்க வேண்டும் என்று பல இடங்களில் எழுதியிருப்பதை நம்பிவிடுகிறார்கள். 110 மி.மீ. வடிகால் குழாயில் 0.4 மி.மீ. கம்பியை 50 செ.மீ. நீளத்துக்கு 1100 சுற்று சுற்றியதாகக் கொள்வோம். 500 கிராம் ரீல் ஒன்று போதும். கம்பியின் நீளம் 380 மீட்டர். கால் அலைக் கணக்கு 197 கிலோஹெர்ட்ஸ் என்று சொல்லும். தூண்டம் 26 மில்லிஹென்றி, மெட்ஹர்ஸ்ட் முறைப்படி உள் மின்தேக்கம் 8 பிக்கோஃபாரட் என்று போட்டால் சுமார் 350 கிலோஹெர்ட்ஸ் வரும். அளந்தால் இந்த இரண்டாவது எண்ணுக்குச் சில விழுக்காடு அருகில்தான் நிற்கும். அந்தச் சில விழுக்காடு ஏன் என்றால், சுருள் தன் சொந்த அதிர்வெண்ணில் அதிரும்போது மின்னோட்டம் முழு நீளத்திலும் ஒரே அளவாக ஓடுவதில்லை; அடியில் மிகுந்தும் உச்சியில் அற்றும் போகிறது. உச்சியில் 12 பிக்கோஃபாரட் கொண்ட அலுமினிய வளையம் வைத்ததும் 350 என்பது 220-ஆக இறங்கிவிடும். இதற்கு மின்சாரம் ஊட்டும் முதன்மைச் சுருளை இந்த 220-க்கு இசைக்க வேண்டும். 197-க்கு இசைத்துவிட்டுப் பொறி வரவில்லையே என்று மின்மாற்றியைப் பெரிதாக்குவது வீண் மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து. அந்த மின்மாற்றிகளின் பல ஆயிரம் வோல்ட் ஆளைக் கொன்றுவிடும். தகுதியுள்ள பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பிளக்கைச் சொருகவே கூடாது. விமான நிலையங்களின் வழிகாட்டி ஒலிபரப்பிகளும் இந்த அதிர்வெண்களை ஒட்டி இயங்குவதால், சுற்றிலும் கம்பி வலைக் கூண்டு அடித்து அதற்கு எர்த் கொடுப்பதும் கட்டாயம்.

இந்தச் சுருளின் தூண்டத்தை எந்த அதிர்வெண்ணில் அளக்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். 1 கிலோஹெர்ட்ஸில் கருவி 26.2 மில்லிஹென்றி காட்டும். அதே கருவியை 100 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 28.5 காட்டும். கருவி பழுதல்ல. சொந்த அதிர்வெண்ணை நெருங்க நெருங்க உள் மின்தேக்கம் தூண்டத்தைப் பெருக்கிக் காட்டும். பத்தில் ஒரு பங்கு அதிர்வெண்ணில் 1 விழுக்காடு, பாதியில் 33 விழுக்காடு. அதைக் கடந்த பின் சுருள் சுருளாகவே நடப்பதில்லை, மின்தேக்கியாகிவிடும். அலைபரப்பிகளில் உயர் அதிர்வெண்ணைத் தடுக்க வைக்கும் சோக் சுருள்கள் சில அலைவரிசைகளில் மட்டும் சூடேறிக் கருகுவதற்கும் இந்த உள் ஒத்ததிர்வுகளே காரணம்.

டர்பனுக்கென்றே ஒரு சொல். கடற்கரை ஈரம் இங்கே சுருள்களின் பகை. நீரின் மின்காப்பு மாறிலி 80. காற்றின் மாறிலி 1. அட்டைக் குழாய், பருத்தி உறைக் கம்பி, மரக்கட்டை எல்லாம் டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஈரத்தைக் குடித்து உள் மின்தேக்கத்தைக் கூட்டும். சுருளின் கூர்மையையும் கெடுக்கும். மழைநாளில் நிலையங்கள் ஒன்றோடொன்று கலப்பது இதனால்தான். அட்டையைத் தவிர்த்துவிடுங்கள். அட்டைதான் இருக்கிறது என்றால் நன்றாக வெயிலில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் மெல்லிய பாலியூரிதேன் வார்னிஷ் ஒரு பூச்சு, காய்ந்தபின் சுற்றல், பின் இன்னொரு மெல்லிய பூச்சு. மெழுகையோ எப்பாக்சியையோ கனமாக ஊற்ற வேண்டாம். ஈரம் நுழையாது, ஆனால் அவையே மின்தேக்கத்தைக் கூட்டிவிடும். கறுப்புக் குழாயும் வேண்டாம், அதில் கரி கலந்திருக்கலாம்.

இது சிறு விஷயம் என்று யாரும் எண்ண வேண்டாம். 7 மெகாஹெர்ட்ஸில் அலையை உண்டாக்கும் ஓர் ஆசிலேட்டரின் மொத்த மின்தேக்கம் 100 பிக்கோஃபாரட் என்றால், சுருளில் வெறும் அரை பிக்கோஃபாரட் மாறினாலே அதிர்வெண் 17 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நகரும். ஒரு குரல் அலைக்கு வேண்டிய அகலம் 3 கிலோஹெர்ட்ஸ்தான். இந்த ஓட்டத்தைச் சுற்றமைப்பிலேயே கழித்துவிடும் வழியைக் கண்டுபிடித்தவர் டர்பனில் பிறந்து இங்கே ஹோவர்ட் காலேஜில் மின்பொறியியல் படித்த ட்ரெவர் வாட்லி. ஓடும் அதே ஆசிலேட்டரை இரு முறை பயன்படுத்தி, ஒரு முறை கூட்டியதை மறுமுறை கழிக்கும் அவருடைய அமைப்பு ரேகல் நிறுவனத்தின் ஆர்.ஏ.17 வானொலி வாங்கியில் இடம்பெற்று உலகெங்கும் போனது. இங்கே டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் படிக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

ஆகவே தாங்கள் அந்தச் செய்முறையை மறுபடி வெளியிடும்போது மூன்று மாற்றங்கள் செய்யக் கேட்டுக்கொள்கிறோம். இரண்டு அடுக்கை எடுத்துவிட்டு 77 சுற்று ஒற்றை அடுக்கைப் போடுங்கள். ஏரியலை 15-ஆவது சுற்று டேப்புக்கு மாற்றுங்கள். கேங்கின் பெரும மதிப்போடு சிறும மதிப்பையும் படத்தில் அச்சிடுங்கள். எக்ஸ்போவுக்கான பதிவு தொடங்கும் முன்பே இது வந்தால், பிள்ளைகள் கம்பி வாங்கும் முன் பார்த்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
வானொலி ஆர்வலர்கள் சிலர்,
சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.